கருகிய புல்தரையும் ஆதாரத்தில் உள்ள 'நிலம்' என்ற சொல்லும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, வக்கீலான எனக்கு எழுதியிருக்கிறார். கோவையில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 2021இல் ஒரு பெரிய தோட்டத்திலிருந்து பிரித்துக் கொடுத்த 18 சென்ட்டை வாங்கினார். அதில் 10 சென்ட்டில் பழைய ஓட்டு வீடு. மேற்கே மழைநீர் ஓடும் வாய்க்கால். வீட்டுக்கும் கிழக்கு வரப்புக்கும் நடுவில் தாழ்வாகக் கிடந்த 8 சென்ட்டில் இருபது லோடு செம்மண் கொட்டி, இரண்டடி உயர்த்தி, புல் பதித்து லான் ஆக்கினார். வரப்பைத் தாண்டினால் பக்கத்துக்காரரின் நெல்வயல். சென்ற மார்கழியில் அவர் வரப்புக்குக் களைக்கொல்லி அடித்திருக்கிறார். ஒரு வாரத்தில் வரப்போரமாக ஆறடி அகலத்துக்குப் புல் மஞ்சளித்துக் கருகிவிட்டது. கேட்கப் போனவருக்குக் கிடைத்த பதில்: "நீங்க மண்ணைப் போட்டு மேடாக்கினதிலிருந்து ஆனி மழைத் தண்ணி எங்க வயல்லயே நிக்குது. நாத்து அழுகிப் போச்சு. அதைச் சொல்ல ரெண்டு தடவை வந்தேன், நீங்க கதவைத் திறக்கல." அம்மாவின் கேள்வி: நஷ்ட ஈடும் தடை உத்தரவும் கேட்டு வழக்குப் போடலாமா?

அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. காலை எழுந்ததும் பார்க்கிற புல் கருகிக் கிடந்தால் யாருக்கும் மனசு ஆறாது. வழக்குப் போடச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. ஆனால் இப்போது போடாதீர்கள். காரணம் நீங்கள் அனுப்பிய ஆதார நகலின் (கேரளத்தில் கிரயப் பத்திரத்தை ஆதாரம் என்பார்கள்) இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. வீடு நிற்கிற 10 சென்ட்டுக்கு 'புரயிடம்' என்றும், புல்தரை இருக்கிற 8 சென்ட்டுக்கு 'நிலம்' என்றும் எழுதியிருக்கிறது.

தமிழில் நிலம் என்றால் எந்தப் பூமியும் நிலம்தான். கேரள வருவாய்க் கணக்கில் அப்படியல்ல. அங்கே 'நிலம்' என்றால் நெல்வயல். 'புரயிடம்' என்றால் வீடு, தென்னை, தோட்டம் இருக்கிற மேட்டுப் பூமி. கோவை, பொள்ளாச்சியிலிருந்து வந்து இங்கே இடம் வாங்குகிறவர்கள் இந்த ஒரு சொல்லில் சிக்கியதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். மலையாள எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள்கூட, தெரிந்த சொல்தானே என்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் 2008 ஆகஸ்ட் 12 முதல் நடப்பில் இருக்கிறது. நெல் பயிராகிற வயல் மட்டுமல்ல, நெல்லுக்கு ஏற்றதாக இருந்து தரிசாகப் போட்ட பூமியும் அதன் கணக்கில் நெல்வயல்தான். வரப்பும் வடிகாலும்கூட அதில் சேரும். அனுமதியில்லாமல் மண் கொட்டி அதன் தன்மையை மாற்றினால், பழைய நிலைக்குக் கொண்டுவர உத்தரவிட மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. குற்ற வழக்கும் வரலாம். நீங்கள் மண் கொட்டியது 2021க்குப் பிறகு. பக்கத்துக்காரர் வில்லேஜ் ஆபீசில் ஒரு மனு கொடுத்தால் போதும், புல்லுக்காகத் தொடங்கிய சண்டை புல்தரையையே எடுக்கிற இடத்தில் போய் நிற்கும். இதுவரை அவர் கொடுக்கவில்லை. அதை மனதில் வையுங்கள்.

தண்ணீர் விஷயத்திலும் அவர் பக்கம்தான் பலம். 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் (அடுத்தவர் பூமியின்மேல் உள்ள வசதி உரிமை) சட்டத்தின் 7ஆம் பிரிவு உதாரணங்களோடு எழுதப்பட்டது. மேல் பூமியில் பெய்த மழை இயல்பாக ஓடிவரும்போது அடுத்துள்ள தாழ்ந்த பூமிக்காரர் அதை விட வேண்டும், அது மேல் பூமிக்காரரின் உரிமை என்கிறது ஓர் உதாரணம். உங்கள் 8 சென்ட் தாழ்வாக இருந்தது. அவர் வயல் தண்ணீர் அதன் வழியாகத்தான் மேற்கு வாய்க்காலுக்கு வடிந்தது. அந்த வழியை நீங்கள் இரண்டடி மண்ணால் அடைத்துவிட்டீர்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அழுகிய நாற்றுக்கு நஷ்டம் கணக்கிடும்போது அது உதவாது.

இனி உங்கள் குறைக்கு வருகிறேன். அதே 7ஆம் பிரிவில் இன்னோர் உதாரணம், தன் பூமிக்கு வரும் காற்றைப் பிறர் அளவுமீறிக் கெடுக்காமலிருப்பது ஒவ்வொரு நில உரிமையாளரின் உரிமை என்கிறது. காற்றில் வந்து விழும் களைக்கொல்லி அதற்குள் வரும். நம் பாலக்காட்டுக் கணவாயில் மார்கழி, தை முழுக்கக் கிழக்குக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணி காயப்போட்டால் கிளிப்போடு பறக்கும். அந்தக் காற்றில், கிழக்கு வரப்பில் நின்று மருந்தடித்தால் அது மேற்கே உங்கள் புல்லில்தான் விழும். அது தெரிந்தே அடித்தால் கவனக்குறைவு என்று வாதாடலாம்.

என்ன மருந்து என்பதும் முக்கியம். முன்பு ஒரு வழக்கில் அட்வகேட் கமிஷனராக, அதாவது இடத்தைப் பார்த்து அறிக்கை தர கோர்ட் அனுப்பிய வக்கீலாகப் போய், வரப்போரம் குந்தி உட்கார்ந்து புல்லைப் பார்த்தேன். வரப்பை ஒட்டி முழுக்கக் கருகல், உள்ளே போகப் போக நுனி மட்டும் மஞ்சள், பிறகு பச்சை. அப்படிப் படிப்படியாகக் குறைந்தால் காற்றில் வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். திட்டுத்திட்டாகக் கருகியிருந்தால் பூஞ்சையாகவோ தண்ணீர்க் குறைவாகவோ இருக்கலாம். பாராகுவாட் என்றால் ஓரிரு நாளில் தீய்ந்துவிடும்; கிளைபோசேட் மெதுவாக, ஒரு வாரம்போல் எடுத்து மஞ்சளிக்கும். நீங்கள் எழுதியது இரண்டாவதைப் போல் இருக்கிறது. கிளைபோசேட்டுக்குக் கேரள அரசு 2019இல் தடை உத்தரவு போட்டது. 2022 அக்டோபரில் மத்திய அரசும், பூச்சிக் கட்டுப்பாட்டு ஆபரேட்டர்கள் மூலம் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. ஆகவே வரப்பில் காலி பாட்டில் கிடந்தால் கையால் தொடாமல், லேபிள் தெரிகிற மாதிரி, தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். அது எந்த மருந்து என்று காட்டும். கருகிய பட்டையை அளவு டேப் வைத்து எடுத்த போட்டோவும், கிருஷி பவன் (அரசு வேளாண் அலுவலகம்) அதிகாரி வந்து பார்த்து எழுதிய அறிக்கையும் கையில் இருக்க வேண்டும். நஷ்ட ஈடு கேட்க மூன்று வருடம் அவகாசம் உண்டு. அவசரம் இல்லை.

பிறகு ஏன் தடுக்கிறேன் என்றால், தடை உத்தரவு கேட்கிறவரின் நடத்தையையும் கோர்ட் பார்க்கும். 1963ஆம் ஆண்டு தனிக்குறிப்பீட்டு நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 41ஆம் பிரிவு, வாதியின் நடத்தை உதவி பெறத் தகுதியில்லாததாக இருந்தால் தடை உத்தரவு தரக் கூடாது என்கிறது. அவருடைய வக்கீல் எழுந்து, "இந்தப் புல்தரையே சட்டத்துக்குப் புறம்பாக நிரவிய வயல்" என்று சொன்னால் நான் என்ன பதில் சொல்வது?

முதலில் வில்லேஜ் ஆபீசில் அடிப்படை வரிப் பதிவேட்டின் நகல் வாங்குங்கள். அந்த 8 சென்ட் டேட்டா பேங்கில் (நெல்வயல்களின் அரசுப் பட்டியல்) இருக்கிறதா என்று கிருஷி பவனில் கேளுங்கள். இருந்தால், நீக்கச் சொல்லி 5ஆம் படிவத்தில் ஆர்.டி.ஓ.வுக்கு (வருவாய்க் கோட்ட அதிகாரி) விண்ணப்பிக்கலாம், ஆனால் 2008இல் அது வயலாக இல்லை என்பதைச் செயற்கைக்கோள் படம் காட்ட வேண்டும். உங்கள் இடத்தில் அது கடினம் என்றே நினைக்கிறேன். டேட்டா பேங்கில் இல்லையென்றால், தன்மையை மாற்ற அனுமதி கேட்டு 6ஆம் படிவம். தன்மை மாற்றத்துக்குக் கட்டணம் உண்டு. 25 சென்ட் வரைக்கான கட்டண விலக்கு, 2017 டிசம்பர் 30க்கு முன்பே தனியாகப் பிரிந்திருந்த இடத்துக்குத்தான். உங்களுடையது 2021இல் பிரிந்தது. முடிவு வரும்வரை ஒரு கூடை மண்கூடப் போடாதீர்கள், சுவரும் எழுப்பாதீர்கள். விற்றவர்மேல் வழக்கு என்று கேட்டிருந்தீர்கள். ஆதாரத்திலேயே 'நிலம்' என்று எழுதியிருப்பதால் மறைத்தார் என்று நிரூபிப்பது சிரமம்.

இரண்டாவது வேலை வடிகால். வரப்போரம் பழைய மட்டம் வரை மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் மேற்கு வாய்க்காலுக்குப் போக வழி விடுங்கள். கருகிய அந்த ஆறடிப் பட்டைதான் அதற்குச் சரியான இடம். இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன் முடித்துவிடுங்கள்.

அதன் பிறகு சித்தூர் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. வழக்குப் போடாமலே இருவரையும் அழைத்துப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் எழுதும் முடிவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதில் என்ன எழுத வேண்டும் என்பதையும் யோசித்து வையுங்கள். அவர் உங்கள் பக்க வரப்புக்கு மருந்தடிக்காமல் மண்வெட்டியோ பிரஷ் கட்டரோ போட வேண்டும். வயலுக்கு அடிப்பதானால் காற்று இல்லாத விடியற்காலையில், முதல் நாளே சொல்லிவிட்டு. நீங்கள் வருடா வருடம் வைகாசிக்குள் வடிகாலைத் தூர்வார வேண்டும். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து திரும்பும். அப்போது லானில் கோரைக்கு நீங்கள் அடிக்கிற மருந்து அவர் நாற்றில் விழும் என்பதால், அந்த இரண்டு மாதமும் நீங்களும் கையால்தான் பிடுங்க வேண்டும்.

மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறையைச் சொல்ல அரசியல் சாசனத்தின் 350ஆம் பிரிவு உரிமை தருகிறது. நம் தாலுகாவில் தமிழ் மனு புதிதும் அல்ல.

இதற்கெல்லாம் முன்னால், ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் நாற்று எவ்வளவு அழுகியது என்று கேளுங்கள். உங்களிடம் சொல்ல இரண்டு தடவை வந்த மனிதர் அவர்.