குழந்தை நலம்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கேள்வி: என் மகனுக்கு ஏழு மாதம். நான் அதிகம் பேசாதவள். பகலில் வீட்டில் நானும் அவனும்தான். "பேச்சு காதில் விழுந்தால்தான் மூளை வளரும்" என்று நாத்தனார் செல்போனில் ஆங்கில ரைம்ஸ் போடச் சொல்கிறார். இப்போது அதைப் போட்டால்தான் சாப்பிட வாயே திறக்கிறான். சரியா?
– வாசகி, தருமபுரி

பதில்: நாத்தனார் சொன்னதில் பாதி சரி. பேச்சு காதில் விழத்தான் வேண்டும். ஆனால் ஆள் எதிரில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரீசியா குல் குழுவினர், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சீன மொழியில் பேசிப் பார்த்தார்கள். 2003-இல் வெளிவந்த ஆய்வு. நேரில் உட்கார்ந்து பொம்மை காட்டிப் பேசியபோது, சீன மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் டிவியில் பேசியபோது ஒன்றும் பதியவில்லை.

டிவியோ போனோ பதிலுக்குக் காத்திருப்பதில்லை! பையன் "ங்கா" என்றாலும் அது பாட்டுக்கு ஓடும். நீங்களோ "என்ன சாமி, பசிக்குதா?" என்பீர்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மூளை நரம்புகளின் இணைப்புகள் வலுப்படுகின்றன. அதனால் அதிகம் பேசாதது குறையே இல்லை. என்னிடம் வரும் சில அம்மாக்களை நானே, "கொஞ்சம் நிறுத்துங்கம்மா, அவனும் பேசட்டும்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

என்ன பேச? கை செய்வதை வாய் சொன்னால் போதும். குளிப்பாட்டும்போது "கால்ல தண்ணி ஊத்தட்டா?" என்று கேட்டுவிட்டு, சொம்பைப் பிடித்தபடி அவன் முகத்தைப் பாருங்கள். காலை உதைப்பான், சொம்பைப் பார்ப்பான், ஏதோ கத்துவான். அதுதான் பதில். அப்புறம் ஊற்றுங்கள். ஆங்கிலம் வேண்டாம், உங்கள் ஊர்ப் பேச்சே போதும்.

சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து வைத்துவிடுங்கள். சில நாள் அடம்பிடிப்பான். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, மெத்தென்ற இட்லித் துண்டைக் கையில் கொடுங்கள். பாதி தலைமுடியில் ஒட்டும், பரவாயில்லை. வயிறு நிறைந்தால் முகத்தைத் திருப்புவான். போன் ஓடினால் அது அவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2019). வெளியூரில் இருக்கும் அப்பாவோடு வீடியோ காலில் சிரிப்பதை நான் இதில் சேர்ப்பதில்லை. அவர் பதில் பேசுகிறாரே.

இன்னொன்று: ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் உள்ள இரும்புச்சத்து போதாது. குறைந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும். கிராம சுகாதார செவிலியரிடம் இரும்புச்சத்து டானிக் பற்றிக் கேளுங்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் மகன் திரும்புகிறானா என்றும் பாருங்கள். திரும்பாவிட்டால் தள்ளிப்போடாமல் காது பரிசோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி: நான்கு மாதப் பேத்திக்கு அறிவு வளர ஃபிளாஷ் கார்டு (பட அட்டை) வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம் ஐயா. விழித்திருக்கும்போது பாயில் குப்புறப் படுக்கவைத்து, நீங்களும் எதிரே படுத்துக்கொள்ளுங்கள். முட்டி ஒத்துழைக்காவிட்டால் பளபளப்பான எவர்சில்வர் தட்டை முன்னால் நிறுத்திவிட்டு, நாற்காலியில் அமர்ந்து பேச்சுக் கொடுங்கள். விட்டுவிட்டு, நாளுக்கு மொத்தம் அரைமணி நேரமாவது இருக்கட்டும். தூக்கம் வந்தால் மல்லாக்கப் போட்டுவிடுங்கள்.