காட்டுவேலைக்கும் முகாமுக்கும் கையால் செய்த மடக்காத கத்தி ஒன்று வாங்க நினைக்கிறேன். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

என் முதல் கத்தியில் செய்த தப்பைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். படத்தைப் பார்த்தே வாங்கிவிட்டேன். அலகு முழுக்க நெளிநெளியாக டமாஸ்கஸ் கோடுகள் (வேறு வேறு எஃகை அடுக்கி அடித்தால் வருபவை), பிடியில் பித்தளை ஆணிகள், முதுகு 6 மில்லிமீட்டர் தடிமன். கையில் எடுத்ததும் கனத்தது, அந்தக் கனத்தையே தரம் என்று நினைத்துக்கொண்டேன். முதல் முகாமில் காய்ந்த கிளை ஒன்றின் கணுவைச் சீவினேன். நாலாவது இழுப்பிலேயே கத்தி வழுக்க ஆரம்பித்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, அரை அங்குல நீளத்துக்கு ஒரு பக்கமாக மடங்கிக் கிடக்கிறது, நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிறது. தோய்ச்சல், அதாவது எஃகைக் காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது, சரியில்லாத மெத்து இரும்பு. கோடுகள் மட்டும் அப்படியே அழகாக இருந்தன.

அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது தோய்ச்சல், அப்புறம் பிடி, அப்புறம் வாயின் வடிவம். எஃகின் பெயரெல்லாம் நாலாவதுதான்.

உலையில் அடித்துச் செய்ததா, எஃகுப் பட்டையை வெட்டித் தேய்த்துச் செய்ததா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இப்போது ஆலையிலிருந்து வரும் எஃகுக்கு அதனால் பெரிய வித்தியாசம் வராது. அதற்குப் பிறகு அதை எப்படிக் காய்ச்சி ஆற்றினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாதாரண கார்பன் எஃகை 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கடினமாக இருக்கும், கீழே விழுந்தால் உடையும். அதை மறுபடி 200 டிகிரி வாக்கில் ஓரிரண்டு மணி நேரம் வைத்து எடுத்தால்தான் கொஞ்சம் இளகி, அடி தாங்கும். எஃகின் கடினத்தை ராக்வெல் சி என்ற அளவில் சொல்வார்கள், எண் கூடினால் கடினம் கூடும். காட்டுவேலைக் கத்திக்கு அதில் 57 முதல் 60 வரை போதும். இந்த மாதிரி எஃகை 63 வரை ஏற்றிவிட்டு அதைப் பெருமையாகச் சொன்னால் யோசியுங்கள். கட்டையில் குத்தி லேசாகத் திருகினாலே வாய் சில்லுச் சில்லாக உடைந்துபோகும்.

செய்பவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்: என்ன எஃகு, எவ்வளவு சூட்டில் காய்ச்சினீர்கள், எதில் முக்கினீர்கள், எத்தனை தடவை இளக்கினீர்கள்? நிஜமாகத் தொழில் தெரிந்தவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், அரை மணி நேரம் உங்களை விடமாட்டார். ‘அது எங்கள் ரகசியம்’ என்று மழுப்பினால் நான் வேறு பட்டறை பார்ப்பேன். காகிதத்தை வெட்டிக் காட்டும் காணொளிகளை நம்ப வேண்டாம். நன்றாகத் தீட்டினால் எந்தத் தகரமும் காகிதத்தை வெட்டும். கத்தி உங்கள் கைக்கு வந்ததும் காய்ந்த கட்டை ஒன்றைப் பதினைந்து நிமிடம் சீவி, கணுவிலும் ஏற்றிப் பாருங்கள். பிறகு வாயை மேல்நோக்கிப் பிடித்து விளக்குக்குக் கீழே பாருங்கள். மழுங்கின இடமும் மடங்கின இடமும் வெள்ளைக் கோடாக மின்னும். நல்ல வாய் கண்ணுக்கே தெரியாது.

அடுத்தது பிடி. இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் இரண்டு நிமிடம் பிடித்துப் பார்க்கும்போது எல்லாப் பிடியும் சுகமாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் சீவிய பிறகு கொப்புளம் எங்கே வருகிறது என்பதுதான் கேள்வி. விரலுக்கு விரல் பள்ளம் தோண்டிய பிடியை வாங்காதீர்கள். கத்தியைத் திருப்பிப் பிடித்தாலே அந்த மேடுகள் விரலில் குத்தும். பிடி முழு உருண்டையாகவும் இருக்கக் கூடாது. முட்டை வடிவக் குறுக்குவெட்டு இருந்தால் இருட்டில்கூட வாய் எந்தப் பக்கம் என்று கை சொல்லிவிடும். வாய், பிடியை ஒட்டியே ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். பலம் போட்டுச் சீவுவது அந்த அடிப்பகுதியில்தான். அங்கே ஒரு அங்குலம் சும்மா விட்டிருந்தால் மணிக்கட்டு வலிக்கும். பளபளவென்று மெருகேற்றிய பிடி ஈரக் கையில் வழுக்கும். துணி அடுக்குகளை ரெசினில் இறுக்கிச் செய்த மைகார்ட்டாவைச் சொரசொரப்பாகவே விட்டிருந்தால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மரப்பிடியும் நல்லதுதான், எண்ணெய் மட்டும் அவ்வப்போது தடவ வேண்டும்.

பிடிக்குள் போகும் இரும்பு முழு அகலத்துக்கு, பிடியின் கடைசி வரை போவதை ஃபுல் டாங் என்கிறார்கள். கத்தியின் முதுகில் கட்டையால் தட்டி விறகு பிளக்கிற ஆளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதையே வாங்குங்கள். அதற்காக ஒல்லியான வால் வைத்த கத்தியெல்லாம் மட்டம் என்று சொல்லிவிட முடியாது. ஃபின்லாந்தின் பூக்கோ கத்திகள் பெரும்பாலும் அப்படித்தான், தலைமுறை தலைமுறையாக மரம் சீவுகின்றன.

அளவுக்கு வருகிறேன். அலகு 10 சென்டிமீட்டர் வாக்கில், முதுகு 3 முதல் 4 மில்லிமீட்டர். தடிமன் கூடக்கூட அலகு ஆப்பு மாதிரி ஆகிவிடும். பிளக்கும், ஆனால் சீவாது. வாயின் வடிவத்தில், முதல் கத்தி என்றால் ஸ்காண்டி சாய்வு எடுங்கள். பக்கத்துக்கு ஒரே ஒரு அகலமான சரிவு. அதைக் கல்லில் படுக்க வைத்தாலே தீட்டும் கோணம் தானாகக் கிடைத்துவிடும், கை பழகாதவருக்கு அது பெரிய வரம். முதுகின் விளிம்பு சரியான செங்கோணமாக இருந்தால் ஃபெரோ ராடை (தீ மூட்டப் பொறி தரும் உலோகக் குச்சி) உரசிப் பொறி எடுக்கலாம், வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எஃகில் 1095, ஓ1, 80சிஆர்வி2 என்ற கார்பன் எஃகு வகைகளில் எதுவானாலும் சரி. மூன்றும் துருப்பிடிக்கும், துடைத்து எண்ணெய் போடச் சோம்பேறித்தனம் என்றால் 14சி28என் மாதிரி துருவைத் தாங்கும் எஃகு கேளுங்கள். நான் சோம்பேறி, ஆனாலும் கார்பன் எஃகுதான் வைத்திருக்கிறேன். கல்லில் இரண்டு இழுப்பில் பிசிர் (வாய் தீட்டப்பட்டதற்கு அடையாளமான மெல்லிய ஓரம்) வந்துவிடும் சுகம் விடமாட்டேன் என்கிறது.

உறையை யாரும் பார்ப்பதே இல்லை. தோல் உறை என்றால் தையலுக்கு உள்பக்கம், வாய் படுகிற ஓரத்தில், தனியாக ஒரு தோல் பட்டை வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கத்தியைப் போட்டு எடுக்கும்போதெல்லாம் வாய் நூலை அறுக்கும். ஒருநாள் உறை ஓரத்தில் பிளந்து தொடையில் கத்தி நிற்கும். உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் கத்தி விழக் கூடாது. இப்படி ஒரு கத்தியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கச் சட்டம் விடுமா என்பது இடத்துக்கு இடம் மாறும், அதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொல்வதாக இருந்தால் முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் மெத்தான மரத்துண்டு ஒன்றை எடுத்து, நீங்கள் நினைக்கிற பிடியை நீங்களே செதுக்குங்கள். ஒரு வாரம் அதைச் சும்மா கையில் பிடித்துக்கொண்டே இருங்கள். உறுத்துகிற இடத்தையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, அந்தக் கட்டையையே செய்பவருக்கு அனுப்பிவிடுங்கள். என் இரண்டாவது கத்தி அப்படி வந்ததுதான், ஐந்தாவது வருஷமாக அதே பிடி.