பழைய சைக்கிளில் 200 கிலோமீட்டர் போகலாமா?

கேள்வி: அக்கா, என்னிடம் இருப்பது வேலைக்குப் போய்வரும் பழைய கியர் சைக்கிள். இன்னும் நான்கு மாதத்தில் நடக்கும் 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்கும் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம்) ஒன்றுக்கு நண்பர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரே மூச்சில் 25 கி.மீ.க்கு மேல் நான் ஓட்டியதில்லை, கையில் பணமும் குறைவு. புது வண்டி இல்லாமல் இதில் இறங்கக் கூடாது என்கிறார்கள். கடன் வாங்கி ஒன்று எடுத்துவிடட்டுமா?

பதில்: கடன் வேண்டாம் தம்பி. இருக்கிற வண்டியிலேயே போங்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 200 கி.மீ. பிரெவேக்குத் தரப்படும் நேரம் 13 மணி 30 நிமிடம். சராசரி மணிக்கு 15 கி.மீ.கூட வரவில்லை. ஓய்வும் சாப்பாடும் பஞ்சர் ஒட்டுவதும் அந்த நேரத்துக்குள்தான் என்பது உண்மை. ஆனாலும் ஓடும்போது மணிக்கு 20 கி.மீ. வேகம் காத்தால் 10 மணி நேரத்தில் தூரம் முடிந்து, மூன்றரை மணி நேரம் கையில் மிஞ்சும். பிரெவே பந்தயம் அல்ல. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற வரிசை கிடையாது. வழியிலுள்ள ஒவ்வொரு கன்ட்ரோலையும், அதாவது வருகையைப் பதியும் இடத்தையும், அது மூடுவதற்குள் தொட்டுவிட்டுப் போனால் போதும். 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய பிரான்சின் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் ஓட்டம்கூட இன்று இதே முறையில்தான் நடக்கிறது. அங்கே தூரம் சுமார் 1,200 கி.மீ., அதிகபட்ச நேரம் 90 மணி.

புது வண்டி மூன்று கிலோ குறைவாக இருக்கும் என்பார்கள். உங்கள் உடம்பு, வண்டி, தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 85 கிலோ என்றால் அந்த மூன்று கிலோ நூற்றுக்கு நான்குகூட இல்லை. ஏற்றத்தில் கொஞ்சம் தெரியும். சமதளத்தில் உங்களை இழுத்துப் பிடிப்பது காற்று. பொத்தான் போடாமல் படபடக்கும் சட்டையை மாற்றி, உடம்போடு ஒட்டிய ஒன்றைப் போட்டுக்கொண்டாலே கால் அந்த வித்தியாசத்தை உணரும்.

காசு போக வேண்டிய முதல் இடம் செயின். ஓர் அடி ஸ்கேல் எடுத்து, இரும்பு ஸ்கேலானால் நல்லது, செயினின் கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக உட்காரும். அந்தப் பின் கோட்டைத் தாண்டி ஓர் அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளி நின்றால், நீண்டுபோன அந்தச் செயின் பின்சக்கரப் பற்களையும் தின்றிருக்கும். அதன்மேல் புதுச் செயின் போட்டால் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது நழுவும், பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். குறைந்த பணத்தில் ஓட்டுகிறவர்கள் செயினை அளந்து பார்ப்பதை ஒருநாளும் விடக் கூடாது. நேரத்தில் மாற்றும் ஒரு செயின், அதைவிட விலை கூடிய சாமான்களைக் காப்பாற்றும்.

அடுத்தது டயர். பக்கவாட்டில் வெடிப்பு ஓடியிருந்தாலோ, உள்ளே நூல் தெரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். புதியது வாங்கும்போது பழைய டயரில் 37-622 என்பது போல ஓர் எண் இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு போங்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். இரண்டாவது எண் அச்சாகப் பொருந்தியே ஆக வேண்டும். அகலத்தில் பிரேமும் ரிம்மும் இடம் கொடுக்கும் வரை ஓரளவு கூட்டிக்கொள்ளலாம். நெடுந்தூரத்துக்கு அகல டயர்தான் என் தேர்வு, முதுகும் கையும் தாங்கும். டயரில் போட்டிருக்கும் அதிகபட்சக் காற்றை அப்படியே அடைக்காதீர்கள், அது எல்லை. பின்சக்கரத்தில்தான் எடை அதிகம், அதற்கு முன்சக்கரத்தைவிடக் கொஞ்சம் கூட வேண்டும்.

பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேலங்கி, தலைக்கவசம் ஆகியவற்றில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். விலை குறைவானது போதும், இல்லாமல் கிளம்பக் கூடாது.

சீட்டை மாற்றும் முன் அதன் உயரத்தைச் சரிசெய்யுங்கள், இதற்குச் செலவே இல்லை. சுவரைப் பிடித்துச் சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் முழுதாக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. பிறகு வழக்கம்போல முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் இலேசாக மடங்கியே இருக்கும். ஓட்டிவிட்டு வந்தபின் முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்வாக இருக்கிறது, பின்புறம் இழுத்தால் உயரமாக இருக்கிறது. ஒரு நேரத்தில் சில மில்லிமீட்டர்தான் நகர்த்த வேண்டும். உடைக்கென்று பணம் ஒதுக்க முடிந்தால் பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் ஒன்று வாங்குங்கள். அதற்குள் ஜட்டி போடக் கூடாது, அந்தத் தையல்தான் தோலை உரித்துப் புண்ணாக்குகிறது. பலரும் வெட்கப்பட்டுக் கேட்காமலே விடுவதால் பச்சையாகவே எழுதுகிறேன்.

இனிப் பயிற்சி. வாரத்தில் ஒருநாள் நீண்ட ஓட்டம், இடையில் இரண்டு நாள் வேலைக்குப் போகும் வழியைச் சுற்றிவளைத்து ஒரு மணி நேரம். நீண்ட ஓட்டத்தில் வாரம் 10 கி.மீ. கூட்டுங்கள். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் பாதியாகக் குறையுங்கள், உடம்பு தேறுவது அந்த வாரத்தில்தான். இப்படிப் போனால் 14-ஆவது வாரம் 135 கி.மீ. வந்துவிடும். முன்கூட்டியே 200 ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுங்கள். கனத்த கியரில் திணறி மிதிப்பதைவிட, இலேசான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்றையொட்டி மிதிப்பது மூட்டுக்கு நல்லது. பசி எடுக்கும் வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டே போங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். அன்றைக்குச் சாப்பிடப்போவதைப் பயிற்சி நாட்களிலேயே சாப்பிட்டு வயிற்றுக்குப் பழக்கிவிடுங்கள்.

கேள்வி: 60 கி.மீ. தாண்டினால் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றன. ஜெல் கையுறை வாங்கினால் சரியாகுமா அக்கா?

பதில்: உள்ளங்கையின் அடிப்பக்கத்தில், சுண்டு விரல் ஓரமாகப் போகும் நரம்பு அழுந்துவதுதான் காரணம். கையுறை கொஞ்சம் உதவும். ஆனால் உடம்பின் எடை ஏன் கைமேல் வந்து விழுகிறது என்று முதலில் பாருங்கள். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் நீங்கள் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள், கை தாங்கிக்கொண்டே இருக்கும். சீட்டை மட்டமாக்குங்கள், ஹேண்டில்பாரை முடிந்த அளவு உயர்த்துங்கள். மணிக்கட்டு மடங்காமல், முழங்கை இலேசாக வளைந்து இருக்கட்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். வண்டியைவிட்டு இறங்கிச் சில நாள் ஆகியும் மரப்பு போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: வழியில் பஞ்சர். புது டியூப் மாட்டினேன், ஐந்தே நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கிவிட்டது. டியூப்தான் மோசமா?

பதில்: டயருக்குள் முள் இன்னும் இருந்திருக்கும். டியூப் மாற்றும் முன் டயரின் உட்புறம் முழுக்கத் துணியால் தடவிப் பாருங்கள், முள் இருந்தால் துணி சிக்கும். டயரில் பெயர் எழுதியிருக்கும் இடம் எப்போதும் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டிவையுங்கள். அப்படிச் செய்தால் டியூபின் ஓட்டையை வைத்தே டயரில் முள் எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். அடுத்தடுத்து இரண்டு ஓட்டை இருந்தால் முள் அல்ல, காற்று குறைந்து குழியில் ரிம் இடித்திருக்கிறது. ஓட்டை டியூபின் உள்வட்டத்தில் இருந்தால் ரிம்மின் உட்புறத்தை மூடும் ரிம் டேப் நகர்ந்து, சக்கரக் கம்பியின் முனை குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டுப் போடும்போது சொல்யூஷன் காய்ந்து பளபளப்பு போனபிறகே ஒட்டை அழுத்த வேண்டும். ஒருமுறை திறந்த சொல்யூஷன் ட்யூப் பைக்குள்ளேயே காய்ந்துவிடும், அதனால் நெடுந்தூரம் போகும்போது திறக்காத ஒன்றைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.