பழைய டிவி கேமில் கேசட் போட்டால் சாம்பல் திரைதான் வருகிறது. ஊதியும் சரியாகவில்லை, என்ன செய்வது?

கேட்டவர் பாளையங்கோட்டை வீட்டு மச்சிலிருந்து கேம் பெட்டியையும் மஞ்சள் கேசட்டையும் இறக்கியிருக்கிறார். டவுனில் மணிக்குக் காசு கொடுத்து ஆடிய அதே மரியோவையும் கான்ட்ராவையும் பிள்ளைகளுக்குக் காட்டணும் என்கிறார். காட்டலாம். பெட்டி செத்துப்போச்சு என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

முதலில் ஊதுவதை நிறுத்துங்கள். "கடை அண்ணாச்சி ஊதித்தானே போடுவார், உடனே வருமே" என்று சொல்ல ஆள் வருவார்கள். வந்தது உண்மைதான். ஆனால் வரவைத்தது ஊதல் இல்லை. கழற்றி மறுபடி செருகும்போது கேசட்டின் அடியிலுள்ள உலோகப் பட்டைகளும் (பின்) பெட்டிக்குள் உள்ள பின்களும் உரசிப் புது இடத்தில் ஒட்டும், அவ்வளவுதான். ஊதினால் எச்சில் ஈரம் செம்பில் படிந்து நாளடைவில் பச்சை பூக்கும். உவரி, திருச்செந்தூர் மாதிரிக் கடலோரத்தில் கிடந்த கேசட் என்றால் உப்புக்காற்று ஏற்கெனவே பாதி வேலையை முடித்திருக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம். அதில் திரை விட்டுவிட்டு மின்னுவது அமெரிக்காவில் விற்ற 72 பின் பெட்டிக்குள், அனுமதியில்லாத கேசட்டைத் தடுக்க வைத்திருந்த பூட்டுச் சிப்பால். நம்ம ஊருக்கு வந்தவை ஜப்பானில் 1983-இல் நிண்டெண்டோ கம்பெனி விட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியின் நகல்கள். கேசட்டுக்கு 60 பின், பக்கத்துக்கு 30. பூட்டுச் சிப் கிடையாது. பின் ஒட்டாவிட்டால் சாம்பலாகவோ, ஒரே நிறமாகவோ, கோடு கோடாகவோ அப்படியே நிற்கும். உங்களுக்கு வருவது அந்தக் கோளாறாகத்தான் இருக்கணும்.

சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வாங்குங்கள். கையில் தடவும் சானிடைசர் ஆகாது, அதில் கிளிசரின் இருந்தால் பின்னில் பிசுக்காகத் தங்கிவிடும். காது குடையும் பட்ஸைத் தொட்டு, பின்னின் நீளவாக்கில் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் ஒரு பின்னின் அழுக்கு அடுத்த பின்னுக்குப் போகும். பட்ஸ் கறுக்காமல் வரும்வரை மாற்றி மாற்றித் துடைக்கணும். நிண்டெண்டோ கேசட்டின் முதுகுப் பக்கத்திலேயே ஆல்கஹால் வேண்டாம் என்று அச்சடித்திருப்பது எனக்கும் தெரியும். நான் சொல்வது கேசட்டை நனைக்க அல்ல, உலோகத்தில் மட்டும் ஈரப் பட்ஸ் வைக்க. கறை போகாவிட்டால் வெள்ளை ரப்பரால் மெதுவாக நாலு இழுப்பு. மையழிக்கும் மண் ரப்பரும் உப்புத்தாளும் முலாமையே எடுத்துவிடும்.

கேசட்டை மட்டும் துடைத்துவிட்டுப் பெட்டியை மறப்பதுதான் பலர் செய்யும் தவறு. அதன் வாய்க்குள்ளும் அதே அழுக்கு உண்டு. கரண்டைப் பிடுங்கிவிட்டு, அதே ஆல்கஹால் ஈரத்தோடு கேசட்டைப் பத்துத் தடவை செருகி எடுங்கள். பிறகு கேசட்டைத் துடைத்து மறுபடி பத்து. இரண்டும் காய அரை மணி நேரம் விட்டுத்தான் கரண்ட் கொடுக்கணும், ஐப்பசி மழை நாளில் ஒரு மணி நேரம். அப்படியும் வராமல், கேசட்டைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் வந்தால் வாயில் உள்ள பின் தளர்ந்திருக்கிறது. ஊசி முனையால் ஒவ்வொன்றையும் இம்மியளவு உள்பக்கமாக நெம்பணும். அதிகம் நெம்பினால் ஒடியும்.

அடுத்தது அடாப்டர். கையில் கிடைத்ததைச் செருகிவிடாதீர்கள். பழைய பெட்டிகள் பெரும்பாலும் 9 வோல்ட். உள்ளே 7805 என்ற மூன்று கால் ஐசி அதை 5 ஆக்கும். 5 வோல்ட்டிலேயே ஓடும் பெட்டிக்கு 9 கொடுத்தால் சிப் போய்விடும். நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பதும் பெட்டிக்குப் பெட்டி மாறும், அடிப்பக்கம் படம் போட்டிருக்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரை எதிலும் செருகாமல் அளந்தால் 12, 13 காட்டும். அது கோளாறு இல்லை, லோடு ஏறினால் இறங்கிவிடும். எழுத்து உங்களைப் பார்க்க 7805-ஐப் பிடித்தால் இடமிருந்து உள்ளே வரும் கால், எர்த், வெளியே போகும் கால். கடைசிக் காலில் 4.8-லிருந்து 5.2 வரை இருக்கணும். வோல்ட் சரியாக இருந்தும் படத்தில் பட்டை ஓடி, ஆடும்போதே ரீசெட் ஆனால், பக்கத்திலுள்ள பெரிய கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட்டில் மாற்றுங்கள். கோடு போட்ட பக்கம் மைனஸ்.

இந்தக் கெப்பாசிட்டர் சல்லிக்காசு பொருள். ஆனாலும் இப்போது எந்த ரிப்பேர் கடைக்குப் போனாலும் "போர்டு போச்சு, புதுசு வாங்குங்க" என்கிறார்கள். கேமுக்கு மட்டுமில்லை, மிக்ஸி, மோட்டார், டிவி எல்லாவற்றுக்கும் இதே பேச்சு. மீட்டர் வைத்துப் பார்க்காமலே சொல்வது அநியாயம். இதனால் எத்தனை நல்ல டியூப் டிவிகள் பழைய இரும்புக்குப் போயின.

டியூப் டிவி இருந்தால் விடாதீர்கள், துப்பாக்கி விளையாட்டுக்கு அது வேணும். வாத்துச் சுடும் ஆட்டத்தில் சுடும்போது திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக்குள் உள்ள கண் அந்த வெளிச்சம் வரும் நேரத்தைப் பார்க்கிறது. எல்சிடியில் படம் தாமதமாக வருவதால் எதைச் சுட்டாலும் படாது. மரியோ எல்சிடியிலும் ஓடும், மஞ்சள், வெள்ளை ஏவி ஒயர் போதும். டியூப் டிவியின் பின்மூடியை மட்டும் திறக்காதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே உயர் அழுத்தம் தங்கியிருக்கும்.

கேசட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே கறுப்புப் பொட்டாகத்தான் சிப் இருக்கும். அது போனால் போனதுதான், வேறு கேசட்தான் வாங்கணும். 999999 கேம் என்று ஒட்டியிருப்பதை நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள். சில ஆட்டங்களைத்தான் வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கவைத்து எண்ணிக்கை காட்டியிருப்பார்கள்.

நின்றபடி ஆடிய முஸ்தபா பெட்டியையும் கேட்டிருந்தீர்கள். அது கேப்காம் கம்பெனி 1993-இல் விட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்ற காயின் ஆட்டம், போர்டே வேறு, இந்தக் கேசட்டில் அது வராது.

துடைத்தும் சாம்பலாகவே நின்றால் 7805-இன் கடைசிக் காலில் எத்தனை வோல்ட் என்று எழுதுங்கள். அதிலிருந்து மேற்கொண்டு சொல்கிறேன்.