20 டிகிரி திரும்பி வரும் உத்தரம்

அன்புள்ள ஐயா,

எஃகுச் சட்டகக் கட்டடம் ஒன்றில் ஓர் உத்தரம் தூணின் ஃபிளேன்ஜை (I வடிவ எஃகின் ஓரப் பட்டையை) நேராகச் சந்திக்காமல், பிளானில் (மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில்) 20 டிகிரி திரும்பி வந்து சேர்கிறது. நிலநடுக்கப் பகுதி. வழக்கமான டாக்போன் இணைப்பையே (தூணுக்குச் சற்றுத் தள்ளி உத்தர ஃபிளேன்ஜின் இரு ஓரங்களையும் வெட்டிக் குறுக்குவது) வைத்துக்கொண்டு வெல்டிங்கை மட்டும் பெரிதாக்கினால் போதும் என்கிறார்கள். சரிதானா?

ஒரு பொறியாளர்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. ஃபிளேன்ஜ் வெல்டிங் ஏற்கெனவே முழுத் தடிமனுக்கும் ஊடுருவியது. அதைப் பெரிதாக்க இடமில்லை. சிக்கல் இருப்பது வடிவத்தில்.

உத்தரத்தின் ஃபிளேன்ஜ் அகலம் 200 மி.மீ., தூணின் ஆழம் 400 மி.மீ. என்று கொள்வோம். 20 டிகிரிக்கு ஃபிளேன்ஜின் ஒரு விளிம்பு மற்றதைவிட 73 மி.மீ. குட்டை. குறுங்கோணம் விழும் பக்கம்தான் அது. டாக்போன் வெட்டு தூண் முகத்திலிருந்து ஃபிளேன்ஜ் அகலத்தில் 0.5 முதல் 0.75 மடங்கு தள்ளித் தொடங்க வேண்டும். நடுக்கோட்டில் 100 மி.மீ. வைத்தால், குட்டை விளிம்பில் மிஞ்சுவது 64 மி.மீ. மட்டுமே. குட்டையான பக்கம் விறைப்பானது, திரிபை அதிகம் இழுத்துக்கொள்ளும். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் வெல்டிங்குகள் விரிசல் விட்ட பிறகு, திரிபைத் தூண் முகத்திலிருந்து விலக்கத்தான் டாக்போன் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. இங்கே அதே திரிபு ஒரு மூலையில் வெல்டிங்குக்குத் திரும்பிவிடுகிறது. ஆகவே நடுக்கோட்டில் 150 மி.மீ. வையுங்கள். பேக்கிங் பட்டையைக் (வெல்டுக்கு அடியில் உருகிய உலோகத்தைத் தாங்க வைப்பது) கீழ் ஃபிளேன்ஜில் விட்டுவைக்காமல் நீக்கி, வெல்டின் வேரைச் சுரண்டி மறுபடி வெல்ட் செய்ய வேண்டும்.

அடுத்து தூண். உத்தரத்தின் வளைவுத்திருப்பத்தில் 34 விழுக்காடு (சைன் 20) தூணின் வலுவற்ற அச்சுக்குப் போகிறது. வலுத்தூண், மெலிந்த உத்தரம் என்ற சோதனையைப் (தூணுக்கு முன்னால் உத்தரம்தான் இளக வேண்டும் என்பது) பலர் வலுவான அச்சுக்கு மட்டும் போட்டு முடித்துவிடுகிறார்கள். இரண்டு அச்சுக்கும் போட்டே ஆக வேண்டும்.

உத்தரத்தின் மையக்கோடு தூணின் மையத்தை நோக்கிப் போனால், தூண் முகத்தில் அது தூணின் வெப்பிலிருந்து (I வடிவத்தின் நடுத்தகட்டிலிருந்து) 73 மி.மீ. விலகி இறங்கும். தூண் ஃபிளேன்ஜ் 300 மி.மீ. அகலம் என்றால், உத்தரத்தின் விளிம்பு ஏறக்குறைய 29 மி.மீ. வெளியே தொங்கும். முகத்தின் நடுவுக்கு நகர்த்தினால் பொருந்தும். ஆனால் விசையின் பக்கவாட்டுக் கூறு 200 மி.மீ. கையோடு தூணை மேலும் கீழும் எதிரெதிராக முறுக்கும். ஆழமான, மெல்லிய தூண்கள் முறுக்கத்துக்கு எளிதில் இளகும். இரண்டில் எதை எடுத்தாலும் கன்டினியூட்டி பிளேட்டுகள் (உத்தர ஃபிளேன்ஜுகளுக்கு நேராகத் தூணுக்குள் வைக்கும் தகடுகள்) தூண் வெப்போடும் முழுமையாக வெல்ட் ஆகியிருக்க வேண்டும்.

உத்தர வெப் தூணை ஒருபக்கம் 70, மறுபக்கம் 110 டிகிரியில் சந்திக்கிறது. குறுகிய பக்கத்தில் எலக்ட்ரோடு நுழைய இடம் இருக்கிறதா என்று வரைபடத்திலேயே பாருங்கள். 60 டிகிரிக்குக் கீழே போனால் வேர்வரை உலோகம் நிறையாது.

இதையெல்லாம் சரிசெய்வதைவிட, தூணையே உத்தரத்தின் திசைக்குத் திருப்பி, குறுக்கே வரும் உத்தரங்களைச் சாதாரண ஷியர் இணைப்பாக்குவது (வளைவைக் கடத்தாமல் செங்குத்துச் சுமையை மட்டும் கடத்துவது) எவ்வளவோ மேல். அது முடியாவிட்டால் மூடிய பெட்டித்தூண். முறுக்கத்துக்கு அது நன்றாக நிற்கும், உள்ளே டயாஃபிராம் (குறுக்குத் தகடு) வைப்பதுதான் சிரமம். இரண்டும் இயலாதென்றால், உங்கள் கோணத்திலேயே மாதிரி செய்து சோதியுங்கள்: 0.04 ரேடியன் மாடி நகர்வில் (மாடி உயரத்தில் 4 விழுக்காடு பக்கவாட்டு நகர்வு) உத்தரத்தின் முழு பிளாஸ்டிக் திறனில் (வெட்டுமுகம் முழுதும் இளகும் வளைவுத்திருப்பம்) 80 விழுக்காடாவது நிற்க வேண்டும். நேர்க்கோண இணைப்பின் சோதனைச் சான்றை இதற்குக் காட்டாதீர்கள்.