அல்சரில் ரத்தம் கசிந்தால் ஆபரேஷன்தான் வழியா?

இரண்டு நாளாக அப்பாவுக்கு மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறது, முழங்கால் வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு வந்தார், எண்டோஸ்கோபி செய்யச் சொல்கிறார்கள், ஆபரேஷன் வரை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எண்டோஸ்கோபி அறையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். வலி மாத்திரையால் வயிற்றில் புண் (அல்சர்) வந்து ரத்தம் கசிந்தால் மலம் இப்படிக் கறுக்கும். பயப்படாதீர்கள், பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. ஆனால் எண்டோஸ்கோபியை, அதாவது வாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயை விட்டு வயிற்றைப் பார்ப்பதை, தள்ளிப்போடாதீர்கள். அது வெறும் டெஸ்ட் இல்லை. ரத்தத்தை நிறுத்தும் வைத்தியமும் அந்தக் குழாய் வழியாகவே நடக்கிறது.

சேர்த்ததும் ட்ரிப்ஸ் ஏற்றுவார்கள், அமிலத்தைக் குறைக்க பான்டோபிரசோல் ஊசி போடுவார்கள். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால்தான் பொதுவாக ரத்தம் ஏற்றுவார்கள். இதய நோயாளி என்றால் 8. “எட்டரைதான் இருக்கிறது, ஏன் ஏற்றவில்லை?” என்று பல குடும்பங்கள் கோபப்படும். 2013-இல் வெளியான பார்சிலோனா ஆய்வில், அளவோடு ரத்தம் ஏற்றப்பட்டவர்களே அதிகம் பிழைத்தார்கள். அதேபோல, வந்த நிமிடமே குழாய் விட வேண்டியதில்லை. முதலில் பிரஷர் நிலைக்கு வர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் செய்தால் பெரும்பாலும் போதும்.

உள்ளே பார்க்கும்போது புண்ணின் அடிப்பகுதி வெள்ளையாகச் சுத்தமாக இருந்தால் மாத்திரையே போதும். ரத்தம் பீறிட்டாலோ, புண்ணின் நடுவில் ரத்தக்குழாய் துருத்திக்கொண்டு தெரிந்தாலோ உடனே வேலை தொடங்கும். ரத்தக்குழாயைச் சுருக்கும் நீர்த்த அட்ரினலின் மருந்தைச் சுற்றிலும் ஊசியால் செலுத்துவார்கள். அந்த இடம் வெளுத்து உப்பும், கசிவு மட்டுப்படும். அதோடு விட்டால் மறுபடி கசிய வாய்ப்பு அதிகம். அதனால் அந்த ரத்தக்குழாயைச் சின்ன உலோகக் கிளிப்பால் கவ்விவிடுவார்கள், அல்லது சூடு வைத்து அடைப்பார்கள். கிளிப்பை எடுக்க வேண்டியதில்லை. பிற்பாடு தானாக விழுந்து மலத்தோடு போய்விடும். அதற்குள் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் கிளிப் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். அப்புறம் மூன்று நாள் பான்டோபிரசோல் ஊசி தொடரும்.

மறுபடி கசிந்தால் இன்னொரு முறை எண்டோஸ்கோபி. அதிலும் நிற்கவில்லை என்றால் தொடை வழியாக ரத்தக்குழாய்க்குள் போய் அடைக்கலாம். ஆபரேஷன் இதற்கெல்லாம் பிறகுதான்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவுக்குக் குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் மறைக்காதீர்கள். அம்மா முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் வீங்கி வெடிக்கும், அதற்கு வைத்தியமே வேறு. அந்த நாளங்களில் அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடு, கூடவே ஆன்டிபயாடிக், இவற்றை எண்டோஸ்கோபிக்கு முன்பே தொடங்க வேண்டும். பிறகு வீங்கிய நாளத்தை உறிஞ்சி இழுத்து ரப்பர் வளையம் மாட்டுவார்கள். அது இரைப்பையில் இருந்தால் பசை போன்ற மருந்தைச் செலுத்தி அடைப்பார்கள். நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையில் இவ்வளவும் சீக்கிரம் தொடங்கும்.

ரத்தம் நின்றதும் காரணத்தைப் பிடிக்க வேண்டும். வயிற்றில் புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமிக்குப் பரிசோதனை கேளுங்கள். ரத்தம் கசியும் நேரத்தில் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம், அதனால் பிறகு ஒருமுறை திரும்பப் பார்ப்பது நல்லது. இருந்தால் பெரும்பாலும் 14 நாள் மருந்து. வலி மாத்திரையை இப்போதே நிறுத்துங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்றால் அதை நிறுத்துவதும் திரும்பத் தொடங்குவதும் டாக்டர் முடிவு. பலருக்குச் சில நாட்களிலேயே தொடங்கிவிடுவார்கள்.

இன்னும் வீட்டில்தான் இருக்கிறார் என்றால் இன்றே கூட்டிப்போங்கள். ரத்த வாந்தி, மயக்கம், குப்பென்று வியர்ப்பது, இதில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம். அவர் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் கத்தரித்துக் கொடுத்த துண்டு அட்டை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.