ஒரே மருந்துதானே, குளிசையை அரைத்துக் கொடுத்தால் என்ன?

அம்மாவுக்கு விழுங்க முடியவில்லை, குளிசை, கப்சூல், பாணி எல்லாவற்றிலும் ஒரே மருந்துதானே, அரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கரண்டியைக் கையில் எடுக்க முதல் இதை வாசியுங்கள்.

ஒட்டுசுட்டானில் அம்மம்மாவை நான்தான் பராமரித்தேன். பாரிசவாதம் வந்த பிறகு அவருக்குத் தண்ணீர்கூடப் புரையேறும். பிரஷருக்கு நிபெடிபின் எஸ்.ஆர். (மருந்தை மெதுவாக விடுகிற வகைக் குளிசை) 20 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. ஒரு நாள் காலைக் குளிசையை நசுக்கித் தேனில் குழைத்துத் தீத்தினேன். சிரமமில்லாமல் இறங்கியது என்று என் தலையைத் தடவினார். முக்கால் மணித்தியாலம் இருக்கும், பொல்லை ஊன்றிக் கிணற்றடிக்குப் போக எழும்பியவர், "பிள்ளை, கண்ணை இருட்டுது" என்றார். அடுப்படியிலிருந்து நான் ஓடி வர முதல் விழுந்துவிட்டார். நெற்றியில் 4 தையல்.

12 மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டிய மருந்தை நான் ஒரே தடவையில் இரத்தத்துக்குள் விட்டிருக்கிறேன். வாட்டில் டொக்டர் சொல்லித்தான் தெரிந்தது. முந்தி இதே நிபெடிபின் கப்சூலைக் கடிக்கக் கொடுத்துப் பிரஷரை இறக்குவார்களாம். சடுதியாக இறங்கிச் சிலருக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் வந்ததால் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள்.

அதன் பிறகு தேடித் தேடி வாசித்தேன். ஆய்வுகூடத்தில் 37 பாகை சூட்டில் 900 மில்லிலீற்றர் திரவத்தில் குளிசையைப் போட்டுத் துடுப்பால் கலக்கி, எவ்வளவு மருந்து வெளியே வருகிறது என்று அளக்கிறார்கள். சாதாரண பரசிற்றமோல் என்றால் 30 நிமிடத்தில் 80 வீதமாவது கரைய வேண்டும். எஸ்.ஆர். குளிசையை மணிக்கணக்காக அளக்கிறார்கள். குடலில் கரையும்படி பூச்சுப் பூசிய டைக்ளோபெனக் (நோவுக்கான மருந்து) போன்றவை, இரைப்பையில் இருப்பது போன்ற அமிலத்தில் 2 மணித்தியாலம் தாங்க வேண்டும். பாணியில் குளிசை உடைந்து கரைகிற வேலை இல்லை, அதனால் வேகம்.

பிறகு அம்மம்மாவுக்கு அம்லோடிபின் என்ற வேறு பிரஷர் குளிசை தந்தார்கள். அதை அரைக்கலாம். அந்த மருந்தே உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும், நிபெடிபின் எஸ்.ஆரில் மெதுவைத் தருவது குளிசையின் கட்டமைப்பு. உங்கள் அம்மாவின் மருந்து இதில் எந்த வகை என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

"நாங்கள் வருடக்கணக்காக உடைத்துத்தான் கொடுக்கிறோம்" என்று யாராவது வருவீர்கள். சரி, நடுவில் கோடு போட்ட சில எஸ்.ஆர். குளிசைகளைப் பாதியாக உடைக்கலாம்தான். நான் சொல்வது அரைப்பதை. நான் டொக்டர் இல்லை, ஆனால் அந்த இரத்தத்தைத் துடைத்தவள் நான்.

எங்களுக்கு அந்தக் குளிசைகள் கடதாசி உறையில்தான் வந்தன. உறையில் மருந்தின் பெயரும் "1 - 0 - 1" என்பதும் மட்டும். எஸ்.ஆர். என்ற எழுத்து அட்டையோடு போய்விட்டது. ஒரு வரி தமிழில் "அரைக்க வேண்டாம்" என்று எழுத எவ்வளவு மை செலவாகும்? அதைக் கேட்கவும் கிளினிக் போக வேண்டும், பொல்லோடு நிற்கிற கிழவியைக் கண்டால் காலை பஸ் நிற்பாட்டாமலே போகும். எத்தனை நாள் அவரை அந்த வெயிலில் திருப்பிக் கூட்டி வந்திருக்கிறேன்.